நின்று எடுத்த படம்

இராஜம்மாவின் இடது காலில் கோளாறு இருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, அவள் கணவர் கமலநாதன்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கூட்டத்தோடு கூட்டமாக இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கையிலும் பைகளைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"ஏய் ராஜம், உன் வலது காலைப் பின்னாலேர்ந்து பார்த்தா குதிகால் மட்டும்தான் தெரியுது. இடது கால்ல மூணு விரலு வெளியே எட்டிப் பாக்குது. என்னா காலு இது?"

"கூட்டத்துல நின்னுக்கிட்டு என் காலைத்தான் பாக்கணுமா? வாங்க லா" என்று அவள் அன்றைக்கு அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் கால் வலிக்கத் தொடங்கி அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணுக்காலின் உள்பக்கம் எப்போதும் வீங்கியிருக்கும். இடது செருப்பு மட்டும் உள்பக்கமாகத் தேய்ந்து கிழியும். பதினெட்டு வருடமாகப் பண்டமாரானில் பள்ளி வேன் ஓட்டுகிறவள் அவள். வேனோ பழைய மனுவல் வண்டி. சிக்னலுக்குச் சிக்னல் கிளச்சை மிதிக்க வேண்டும், மிதிக்கிற கால் இடது கால். கடைசியில் ஒருநாள் கிளச்சை மிதித்தபோது வலி முழங்கால் வரைக்கும் ஏறி, வண்டி நடுச்சாலையில் அணைந்து, பின்னால் நின்ற லோரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகுதான் டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தாள்.

கோலாலம்பூரில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொமுட்டர் ரயில் பிடித்துப் போனார்கள். எலும்பு டாக்டர் சுகுமாறன் அதிகம் பேசாத மனிதர். காலைத் திருப்பிப் பார்த்தார், ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. "நின்ன நிலையில எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க மா" என்று அனுப்பினார்.

எக்ஸ்ரே அறையில் ஃபர்ஹானா என்ற பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கலாம், படபடவென்று பேசுவாள். கைப்பிடி வைத்த ஒரு மரப்பெட்டியின் மேல் இராஜம்மாவை ஏற்றி நிறுத்தினாள்.

"உட்கார்ந்துகிட்டே எடுக்கக் கூடாதா ஆச்சி?" என்று கேட்டாள் இராஜம்மா. இளம்பெண்களை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். வேனில் வரும் ஐந்து வயதுக் குழந்தையும் அவளுக்கு ஆச்சிதான்.

"உட்கார்ந்து எடுத்தா எல்லாருக்கும் பாதம் அழகா வளைஞ்சிருக்கும் ஆன்டி. உடம்பு பாரம் ஏறினாத்தான் எலும்பு எவ்வளவு எறங்குதுன்னு தெரியும். உட்கார்ந்தா கால் பொய் சொல்லும், நின்னா சொல்லாது."

அன்றைக்கு டாக்டர் திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கணுக்கால் எலும்பிலிருந்து கட்டைவிரல் எலும்பு வரைக்கும் அந்தக் கோடு நேராகப் போக வேண்டுமாம். இராஜம்மாவின் இடது காலில் அது நடுவில் ஒடிந்து, இருபத்திரண்டு டிகிரி கீழே தொங்கியது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற தசைநார் நைந்துபோய்விட்டது என்றார். குதிகால் எலும்பை வெட்டி உள்பக்கம் தள்ளி ஸ்க்ரூ போட வேண்டும், விரல்களுக்குப் போகும் பக்கத்துத் தசைநாரைக் கொண்டுவந்து கட்ட வேண்டும், வெளிப்பக்கம் ஒரு துண்டு எலும்பு வைத்து நீட்ட வேண்டும் என்று அவர் அடுக்கியபோது கமலநாதன்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இராஜம்மா ஒரே கேள்வி கேட்டாள்: "கிளச் மிதிக்க முடியுமா டாக்டர்?"

"படம் நல்லா வந்தா முடியும்" என்றார் சுகுமாறன்.

ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஓடியது. முதல் ஆறு வாரம் காலைத் தரையில் வைக்கவே கூடாது. பிறகு பெரிய பூட்ஸ், பிறகு பயிற்சி. இந்த ஏழு மாதமும் வேனை ஓட்டியவர் கமலநாதன். துறைமுகத்தில் இருபத்தைந்து வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். கன்டெய்னருக்கு நடுவில் ஊர்ந்தே பழகியவர், சாலையிலும் ஊர்ந்தார். முன்பெல்லாம் ஏழு மணிக்குப் பள்ளியில் இறங்கிய பிள்ளைகள் இப்போது மணி அடிக்கிற நேரத்தில் ஓடினார்கள். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் "அங்கிள் இன்னும் வரலயா?" என்ற செய்தி தினமும் வந்தது. "ஆன்டி எப்போ வருவாங்க?" என்பது அதற்கு அடுத்த செய்தி. இரண்டையும் இராஜம்மா சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படிப்பாள். பதில் எழுதத் தெரியாமல் ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிடுவாள்.

அவளுக்குள் ஒரு பயம் இருந்தது. அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. தினமும் குளித்துவிட்டு வெளியே வரும்போது ஈரக் காலின் தடத்தைப் பார்ப்பாள். வலது கால் தடத்தில் நடுவில் பிறை மாதிரி ஒரு இடைவெளி. இடது கால் தடமோ இன்னும் முழுசாகவே இருந்தது. மாலையானால் கால் வீங்கியது. கால் மறுபடியும் சரிந்துவிட்டது, இத்தனை வெட்டும் ஸ்க்ரூவும் வீண் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

பள்ளி விடுமுறை முடியப் பத்து நாள் இருக்கும்போது சோதனை நாள் வந்தது. படம் நன்றாக வந்தால் வண்டி ஓட்டலாம். வராவிட்டால் மறுபடியும் ஆபரேஷன் என்றுகூடச் சொல்லலாம். ரயிலில் ஷா ஆலம் தாண்டும்போது இராஜம்மாவுக்கு ஒரு யோசனை பளிச்சென்று தோன்றியது. பாரம் ஏறினால்தானே எலும்பு இறங்கும்? ஏறாவிட்டால்?

எக்ஸ்ரே அறையில் அன்றைக்கு நல்ல கூட்டம். ஃபர்ஹானா அவளை அடையாளம் கண்டு, "ஆன்டி! நடந்தே வந்துட்டீங்களே!" என்று சந்தோஷப்பட்டாள். இராஜம்மா மரப்பெட்டியில் ஏறினாள், கைப்பிடியை இறுகப் பிடித்தாள். நீளப் பாவாடைக்குள் உடம்பு பாரத்தை எல்லாம் மெல்ல வலது காலுக்கு மாற்றினாள். இடது பாதம் பெட்டியைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது.

"ரெண்டு கால்லயும் சமமா நிக்கிறீங்களா ஆன்டி?" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நிக்கிறேன் லா."

முன்பக்கம், பக்கவாட்டு, குதிகால் பின்பக்கம் என்று இரண்டு காலையும் எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் அவள் அதே மாதிரிதான் நின்றாள். இறங்கும்போது வலது தொடை நடுங்கியது.

டாக்டரின் அறையில் இரண்டு திரைகள். ஒன்றில் பழைய படம், ஒன்றில் புதியது. சுகுமாறன் கோடு போட்டார், அளந்தார், மறுபடியும் அளந்தார். "ஒரு டிகிரி" என்றார். கமலநாதன் முகம் மலர்ந்தது. டாக்டர் முகம் மலரவில்லை.

"உங்க வலது காலுக்கு என்னா மா ஆச்சு?"

"வலது கால் நல்ல கால்தானே டாக்டர்."

"அதான் கேக்குறேன். போன வருஷம் நல்லா வளைஞ்சிருந்துச்சு. இன்னிக்கு அமுங்கிப் போயிருக்கு. இடது கால்ல குதிகால் சதைகூட அமுங்கல, காத்துல நிக்கிற மாதிரி இருக்கு." அவர் நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தார். "இராஜம்மா, எந்தக் கால்ல நின்னீங்க?"

இராஜம்மா கையிலிருந்த கைப்பையின் பட்டையைத் திருகினாள். பொய் சொல்லிப் பிடிபட்ட பள்ளிப் பிள்ளைகளின் முகத்தைப் பதினெட்டு வருடமாக வேனின் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். இப்போது தன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

"வலது கால்ல" என்றாள் மெதுவாக.

"ராஜம்!" என்றார் கமலநாதன்.

"படம் நல்லா வரலன்னா வேன் ஓட்ட வேணாம்னு சொல்லிருவீங்க. என் கால் சரிஞ்சு போச்சு டாக்டர். எனக்குத் தெரியும். தினமும் ஈரத் தடத்தைப் பாக்குறேன், முழுசாத்தான் இருக்கு. அதான்…"

அதிகம் பேசாத சுகுமாறன் தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். "இருபது வருஷமா கால் பாக்குறேன். டாக்டரையே ஏமாத்த எக்ஸ்ரேயில ஒத்தக் கால்ல நின்ன ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன். ஈரத் தடத்துல தெரியிறது வீக்கம் மா. அது ஒரு வருஷம்கூட இருக்கும். எலும்பு எங்க இருக்குன்னு தடத்துக்குத் தெரியாது. போங்க, மறுபடியும் நில்லுங்க. இந்தத் தடவை தராசு வெச்சு."

ஃபர்ஹானா விஷயத்தைக் கேட்டுக் கண்ணை அகல விரித்தாள். "நான் சொல்லிக் குடுத்த பாடத்தை வெச்சே என்னை ஏமாத்திட்டீங்களா ஆன்டி?" என்று கேட்டபடி, எடை பார்க்கும் தராசு ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்தாள். வலது காலுக்கு அதே உயரத்தில் ஒரு பலகை. "உங்க எடை எழுபது. இடது கால் தராசுல முப்பத்தஞ்சு காட்டணும். காட்டுற வரைக்கும் நான் விட மாட்டேன்."

இராஜம்மா ஏறினாள். தராசு ஒன்பது காட்டியது.

"இன்னும் ஆன்டி."

பதினாறு. இருபது. அதற்கு மேல் கால் போக மறுத்தது. ஏழு மாதமாக வீட்டிலும் கடையிலும் வலது காலில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் எவ்வளவு கெஞ்சினாலும் அந்தக் காலில் முழுப் பாரத்தை வைக்காமலே தப்பித்துக்கொண்டவள். முழுசாக நின்றால் உள்ளே ஏதோ முறிந்துவிடும் என்ற எண்ணம்.

"சூசாவா இருக்கு ஆச்சி, முடியல."

"கைப்பிடியை விட்டுட்டு என் கையைப் பிடிங்க. மூச்சு விடுங்க. இருபத்தி நாலு… இருபத்தி எட்டு… வலிக்குதா?"

வலிக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். குதிகாலுக்கு அடியில் தரை அழுத்தமாக வந்து முட்டியது. கணுக்கால் உள்பக்கம் சாயவில்லை. முப்பத்தொன்று, முப்பத்து மூன்று என்று ஃபர்ஹானா ஏலம் விடுகிற மாதிரி குரலை உயர்த்திக்கொண்டே போனாள். முப்பத்தைந்து வந்தபோது இராஜம்மா அவள் கையை விட்டுவிட்டுத் தன் இரண்டு காலில் தானாக நின்றாள். கால் தாங்கியது. அப்படியே நின்றுகொண்டிருந்தவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அசையாதீங்க ஆன்டி, அழுறதுன்னா அசையாம அழுங்க!" என்று கத்திக்கொண்டே ஃபர்ஹானா கண்ணாடிக்குப் பின்னால் ஓடினாள்.

புதிய படத்தில் டாக்டர் மறுபடியும் கோடு போட்டார். இந்தத் தடவை இராஜம்மா நாற்காலியில் உட்காரவில்லை, அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"நாலு டிகிரி" என்றார் சுகுமாறன். "இருபத்திரண்டு இருந்த இடத்துல நாலு. நல்ல கால் உள்ளவங்களுக்கே அவ்வளவு இருக்கும். இங்க பாருங்க, படுத்துக் கிடந்த குதிகால் எலும்பு முன்பக்கம் தூக்கிட்டு இருக்கு. பின்னாலேர்ந்து எடுத்த படத்துல கால் எலும்புக்கு நேர் கீழ வந்திருச்சு. வெட்டின இடமெல்லாம் ஒட்டிக்கிச்சு. ஏமாத்தவே தேவையில்ல மா."

"அப்போ கிளச்?"

"முதல்ல கூட்டம் இல்லாத இடத்துல ஓட்டிப் பழகுங்க. கால் சொன்னபடி கேட்டுச்சுன்னா பள்ளி தொறக்குற அன்னிக்கே எடுங்க."

கமலநாதன் எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், குலுக்கிக்கொண்டே இருந்தார். "நீங்க இவளுக்கு மட்டும் இல்ல டாக்டர், எனக்கும் விடுதலை குடுத்திருக்கீங்க. அந்த வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தாலே எனக்குப் பிரஷர் ஏறுது."

மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள். இராஜம்மா இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் கையில் ஊற்றிக் குடித்தாள். வெளியே வந்ததும் எதிர்க்கடையில் தொங்கிய காலணிகளைப் பார்த்து நின்றுவிட்டாள். மூன்று வருடமாக அகலமான கறுப்புச் செருப்பையும் ஆஸ்பத்திரி பூட்ஸையும் தவிர அவள் வேறெதுவும் போட்டதில்லை. சிவப்பில் கணுக்காலில் பட்டை கட்டுகிற ஒரு ஜோடியை எடுத்து, பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே ஒரு கால் மாற்றி ஒரு காலில் நின்று மாட்டினாள். கமலநாதன் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். இப்போது இரண்டு காலிலும் குதிகால் மட்டும்தான் தெரிந்தது.

"என்னா பாக்குறீங்க?"

"சும்மா லா. நட."

அவள் கடைவாசலிலிருந்து சிக்னல் வரைக்கும் நடந்து திரும்பி வந்தாள். கடைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பேரங்காடிக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு வேனைக் கொண்டுபோனார் கமலநாதன். இறங்கிச் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் ஏறி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். இராஜம்மா இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தனக்கேற்ற மாதிரி திருப்பினாள். கிளச்சை அடிவரைக்கும் மிதித்தாள். விட்டாள், மறுபடியும் மிதித்தாள். முதல் கியர், இரண்டாவது. நான்கு வட்டம் சுற்றினாள், பின்னால் எடுத்தாள், மேட்டில் நிறுத்தி எடுத்தாள். வண்டி ஒரு முறையும் அணையவில்லை.

"போதும் ராஜம், டாக்டர் மெதுவா பழகச் சொன்னாரு. வீட்டுக்குப் போலாம்."

"போலாம் போலாம்" என்றாள் அவள். ஆனால் மைதான வாசலில் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. துறைமுகச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை லோரிகள் குறைவு. மூன்றாவது, நான்காவது என்று கியர் மாறிக்கொண்டே போயிற்று. கமலநாதன் மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டார்.

"எங்க போற?"

"தஞ்சோங் ஹாராப்பான். கடலைப் பார்த்து எத்தனை மாசமாச்சு" என்றாள் இராஜம்மா. "பயமா இருந்தா கண்ணை மூடிக்குங்க."

அவர் கண்ணை மூடவில்லை. மனைவி வண்டி ஓட்டுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஜன்னலைத் திறந்ததும் உப்புக் காற்று உள்ளே வந்தது.