வீரன் எழுந்து வராத நாலு மணி

எழுத்தாளரின் பதினொரு புத்தகங்களிலும் வீரன் என்ற நாய் யாரையாவது காப்பாற்றியிருக்கிறது. வெள்ளத்தில் குழந்தையை, தீயில் தீயணைப்புக்காரரையே, ஒருமுறை கிணற்றில் விழுந்த நகர மேயரை. வீட்டில் இருந்த அசல் வீரனோ சோபாவுக்கு அடியில் உருண்ட தன் பந்தைக்கூட எடுக்க வக்கில்லாத நாய். பக்கத்தில் இடி விழுந்தாலும் ஒரு காதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அது எழுந்து ஓடி வருவது ஒரே ஒரு சத்தத்துக்குத்தான். நாலு மணிக்கு எழுத்தாளர் டீயோடு பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் போதும், எந்த மூலையில் கிடந்தாலும் காலடியில் வந்து நிற்கும்.

ஏழு வயது மகள் வாண்டு தானாகப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வரை இதில் ஒரு வில்லங்கமும் இல்லை.

"அப்பா, நம்ம வீரன் நிஜமாவே காப்பாத்துவானா?"

"பின்னே? ஆபத்துன்னு வரட்டும், அப்போ பாரு!" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் தினமும் ஆபத்துதான். வாண்டு கம்பளத்தில் மூழ்கினாள். மேசைக்கு அடியில் சிங்கத்திடம் சிக்கினாள். "வீரா, காப்பாத்து!" என்று வீடே அதிரக் கத்தினாள். வீரன் கொட்டாவி விட்டது. வெள்ளிக்கிழமை அவள் எழுத்தாளரின் மேசையருகே வந்து நின்றாள்.

"நாளைக்கு ஒரே ஒரு தடவை பார்ப்பேன். அப்பவும் வரலன்னா உன் புக்கெல்லாம் புளுகு. இனிமே படிக்கவே மாட்டேன்."

விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டபோதுகூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அவளுக்காகத்தான் எழுதவே ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மனைவி பஸ் ஓட்டப் போயிருந்தாள். எழுத்தாளர் பன்னிரண்டாவது புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மூன்றரை இருக்கும், உள்ளேயிருந்து "வீரா, காப்பாத்து!" என்று குரல் வந்தது. தினப்படி கூத்துதானே என்று அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. இன்றைக்குக் குரலில் நடுக்கம் பிரமாதம் என்று மட்டும் நினைத்தார், மனிதர். குகையில் சிக்கிய சிறுமிக்கு அதே நடுக்கத்தைக் கொடுத்து எழுதினார். எழுதிய தாள் பறக்காமலிருக்க, மேசையில் கிடந்த இரும்புக் கைப்பிடியை எடுத்து மேலே வைத்தார். சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் சாமான் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி அது. கழன்று மூன்று மாதமாகிறது. மாட்டுங்கள், மாட்டுங்கள் என்று சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நாலு மணிக்கு டப்பாவைத் திறந்தார். யாரும் வரவில்லை. மூடிவிட்டு மறுபடியும் படாரென்று திறந்தார். அப்போதும் வரவில்லை.

டப்பாவும் கையுமாக உள்ளே ஓடினார்.

சாமான் அறைக் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு வீரன் படுத்திருந்தது. டப்பாவைப் பார்த்ததும் காது இரண்டும் விறைத்தன, வாயிலிருந்து எச்சில் சொட்டியது. ஆனால் எழவில்லை. கதவின் கீழ் இடுக்கு வழியாக நாலு குட்டி விரல்கள் நீண்டு அதன் வாலைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"அப்பா, உள்ள பிடியே இல்லப்பா!"

திறந்தார். தூசியும் கண்ணீரும் குழைந்த முகத்தோடு வாண்டு நின்றாள். அவளை அள்ளிக்கொண்டார்.

"மன்னிச்சுடுடா கண்ணு. நீ கத்தினது கேட்டுச்சு. விளையாட்டுன்னு நினைச்சு சும்மா இருந்துட்டேன்."

"வீரன் கதவை உடைக்கல. யாரையும் கூட்டிட்டும் வரல," என்றாள் வாண்டு. தீர்ப்பு வந்துவிட்டது என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆனா டப்பா சத்தம் எனக்கும் கேட்டுச்சுப்பா. போச்சு, ஓடிடுவான்னு நினைச்சேன். ரெண்டாவது தடவையும் கேட்டுச்சு. போகவே இல்லப்பா!"

எழுத்தாளர் டப்பாவை அப்படியே வீரன் முன்னால் கவிழ்த்தார்.

மனைவி வந்தபோது அவர் ஸ்குரூ டிரைவரோடு கதவடியில் உட்கார்ந்திருந்தார். வயிறு உப்பிய நாய்க்கு வாண்டு முதல் புத்தகத்தை உரக்கப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அதிசயம், கைப்பிடி மாட்டறீங்க?"

"வீரன் காப்பாத்திட்டாம்மா," என்றாள் வாண்டு.

"யாரை?"

"முதல்ல என்னை. அப்புறம் அப்பாவை."

எழுத்தாளர் திருகாணியை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்.