வாசல் எருக்கு

"ஏனுங்க, எனக்கு முன்னால ஒருத்திக்குத் தாலி கட்டுனீங்களாமே?"

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் ராசம்மாள் பொங்கியண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எருக்கஞ்செடிக்குத்தானே புள்ள. ரெண்டு பேரு போயிச் சேந்தாச்சு. மூணாந்தாரம் தங்காதும்பாங்க. அதனால அது மூணு, நீ நாலு."

"அது இப்ப எங்கீங்க?"

"தாலி கட்டுன கையோட வெட்டிப்போட்டாங்க."

"பாவமுங்க" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையிலேயே வேலியோரம் பறந்து கிடந்த எருக்கம்பஞ்சிலிருந்து விதை பொறுக்கிவந்து வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஊன்றிவிட்டாள். குடிகெட்ட வீட்டில் முளைக்கிற செடியை வாசலிலா வைப்பது என்று வாளையார் வரைக்கும் உறவுக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தாள். போர்வெல் வற்றிய வருஷங்களில் மல்லிகை கருகியது, குரோட்டன்ஸ் கருகியது. எருக்கு மட்டும் சாம்பல் பூத்த இலையும் ஊதாப் பூவுமாக நின்றது. பொங்கியண்ணனும் நாளடைவில் அதனோடு சமாதானமாகிவிட்டார். குதிகால் வலி வந்தால் அவரே போய் இலை பறித்துவந்து, வாட்டித் தரச் சொல்லிக் காலை நீட்டுவார்.

இன்று விடிகாலையில் அவர் இறந்துபோனார். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மூத்த தாரத்து மகன் மோகனசுந்தரம் கையில் கொடுவாளோடு எருக்கின் அருகில் நின்றான். பாடை போக வழியை அடைக்கிறதாம்.

"வேரோட எடுத்துப்போடு சாமி" என்றாள் பொங்கியண்ணனின் அக்காள் நாச்சக்காள். "இதை வாசல்ல வெச்சுத்தான் என்ற தம்பிய முழுங்கிப்போட்டா."

எண்பதைத் தாண்டிய தம்பியை எருக்கு முழுங்குமா என்று யாரும் கேட்கவில்லை. ராசம்மாள் உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். சாவு வீட்டில் கட்டியவள் பிணத்தை விட்டு எழக்கூடாது என்று யாரோ சேலையைப் பிடித்தார்கள். விடுவித்துக்கொண்டாள்.

"ஒருக்கா வெட்டீட்டீங்க" என்றாள். "போதும்."

மோகனசுந்தரத்துக்குப் புரிந்தது. பத்து வயதில் அந்த எருக்கங்கல்யாணத்தைப் பார்த்தவன் அவன். கொடுவாளைக் கீழே போட்டான். பாடை வந்தபோது சுமந்தவர்கள் தங்கள் உடம்பைச் சாய்த்து ஒருக்களித்துத்தான் கேட்டைத் தாண்டினார்கள். இலைகள் பொங்கியண்ணனின் தோளை உரசின.

பெண்கள் கேட்டோடு நின்றுகொள்ள வேண்டும். ராசம்மாள் நிற்கவில்லை. பாடைக்குப் பின்னால் நடந்தாள். நாச்சக்காள் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவும் இல்லை.

தோட்டத்து மூலையில் இரண்டு சிமென்ட் சமாதி மேடைகள் இருந்தன. மூத்தவளுடையது ஒன்று, இரண்டாமவளுடையது ஒன்று. நடுவில் ஒருவருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். களை வெட்ட வரும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்ப்பாள். எனக்கு எங்கே என்று கேட்க வாய் வரும். உயிரோடு இருக்கிற மனுசனிடம் எப்படிக் கேட்பது என்று விழுங்கிவிடுவாள். வருஷக்கணக்காக விழுங்கியது அது.

குழியை மூடினார்கள். மண் போட்டவர்கள் கைகழுவப் போனார்கள். மோகனசுந்தரம் மட்டும் நின்று ஜேசிபிக்காரனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். குழி தோண்ட வந்த வண்டி சும்மா போக வேண்டாம், சமாதிகளைச் சுற்றிக் கட்டப்போகிற மதிலின் அஸ்திவாரத்தையும் தோண்டிவிடட்டும் என்று காலையிலேயே முளைக்குச்சிகளை அடித்துவைத்திருந்தான். குச்சிகளுக்கு நடுவே கயிறு ஓடியது. இரண்டு மேடையையும் புது மண்ணையும் ஒட்டி, ஒரு முழம்கூட மிச்சமில்லாமல் சுற்றி வந்தது கயிறு.

"சின்னம்மா, வெயில்ல நிக்காதீங்க. ஊட்டுக்குப் போங்க."

அவள் போகவில்லை. கயிற்றைத் தாண்டிப் போய் ஒரு முளைக்குச்சியின் முன்னால் நின்றாள். ஜேசிபிக்காரன் அவனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எஞ்சினை நிறுத்தினான். வாளையார் ரோட்டில் லாரிகள் போகும் சத்தம் அப்போதுதான் கேட்டது.

ராசம்மாள் குனிந்து இரண்டு கையாலும் குச்சியை ஆட்டிப் பிடுங்கினாள். மண் ஒட்டியபடியே அதை மோகனசுந்தரத்திடம் நீட்டினாள்.

"இதை அக்கட்டத் தள்ளி அடி, சாமி. இங்க எனக்கும் எடம் வேணும்."