ஆண்ட்ரோமெடாவின் வாள்

செத்துக் கிடந்த அப்பாவின் விரல்களிலிருந்த மசியை யூனா ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பத்திரிகை ஆசிரியர் ஃபோகார்ட்டி உள்ளே வந்தார். மண்டியிட்டு ஜெபித்தார். எழுந்ததும் அவர் கண், அறை மூலையிலிருந்த, படம் வரைந்து தாளில் ஒற்றியெடுக்கும் அச்சுக்கல்லுக்குத்தான் போனது.

யூனாவின் அப்பா மாலக்கி டெவேன் கேலிச்சித்திரக்காரர். டப்ளினில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அவர் தயவில் கிரேக்கக் கதைகளை அறிந்திருந்தார்கள். பாறையில் சங்கிலியால் கட்டப்பட்ட ஆண்ட்ரோமெடா என்றால் அயர்லாந்து. அவளை விழுங்க வரும் கடல்பூதம், நிலப்பிரபு. கல்லில் இருந்த அவருடைய கடைசிப் படத்தில் இந்த இரண்டும் வரைந்து முடிந்திருந்தன. வாளோடு பறந்து வந்து அவளை மீட்கும் பெர்சியஸுக்கு மட்டும் முகம் இல்லை.

"குளிர்காலம் பூரா அவருக்குக் கையா இருந்து வரைஞ்சு குடுத்தது நீதானம்மா. பெர்சியஸுக்கு நம்ம குத்தகைக்காரங்க தலைவர் முகத்தைப் போட்டுக் குடுத்துடு. சனிக்கிழமை இதழ் வரணும்."

"தலைவர் ஜெயில்லதான இருக்காரு."

"மக்களுக்கு ஒரு நம்பிக்கை வேணாமா?"

"ஆம்பளைங்க எல்லாரும் உள்ள. குத்தகை பாக்கின்னு வீட்டை இடிக்க வர்றவனை இப்ப மறிச்சு நிக்கிறது யாரு? பொம்பளைங்க."

யூனா சுரண்டுகத்தியை எடுத்துக் கல்லின்முன் உட்கார்ந்தாள். துக்கத்துக்கு வந்து சுவரோரம் புகை பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெர்சியஸ் தூளாய் உதிர்ந்தான். யூனா ஆண்ட்ரோமெடாவின் சங்கிலியைச் சுரண்டி அறுத்து, அவள் இடது கையில் வாளை வரைந்து கொடுத்தாள்.

"இடது கையிலயா?"

"கல்லுல இடதுன்னா தாள்ல வலதா விழும்."

ஃபோகார்ட்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சர்க்கார்காரன் பத்திரிகையைச் சாத்திடுவான். உன்னையும் பிடிச்சு உள்ள போடுவான். உங்கப்பா இதுக்கு ஒத்துக்குவாரா?"

யூனா அப்பாவைப் பார்த்தாள். "மாட்டாரு. ரெண்டு நாள் என்கூடப் பேச மாட்டாரு. அப்புறம் வந்து வாள் பிடிச்ச கையைத் திருத்திக் குடுப்பாரு."

யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள்.

"படத்துக்குக் கீழ என்ன பேரு போடறது?"

"டெவேன். எங்க ரெண்டு பேருக்கும் அதான பேரு."

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தபடி எழுந்து வந்தாள். கல்லின் ஒரு முனையைப் பற்றினாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க, மிஸ்டர் ஃபோகார்ட்டி. பார்த்து, கனம் ஜாஸ்தி."

சனிக்கிழமை சவ ஊர்வலம் கிளாஸ்னெவின் கல்லறைக்குப் போனது. வழிநெடுகக் கடை ஜன்னல்களில் யூனாவின் படம் அச்சான வண்ணத்தாள். கறிக்கடை முன்னால் ஒரு போலீஸ்காரன் அதைக் கிழித்துக்கொண்டிருந்தான். கடைக்காரி கையைக் கட்டிக்கொண்டு அவன் கிழித்து முடிக்கும்வரை பார்த்திருந்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு தாளையும் பசைச் சட்டியையும் எடுத்து வந்தாள்.

அம்மா கறுப்புச் சால்வையை விலக்கி, வண்டிக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"கொஞ்சம் மெதுவா ஓட்டுப்பா."