கயிறு பிடிக்க வராதவர்கள்

சாவு மணி அடித்த பிறகும் வலை கடலுக்குப் போகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அப்துல் ஹமீட்.

அவருக்கு மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை. புத்தளத்திலிருந்து எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி இரண்டு வருடம். எங்கள் விளையாட்டின் புதிய பதிப்பை அவரிடம்தான் முதலில் கொடுப்பேன். முகத்துக்காகப் பேச மாட்டார்.

"யோகன் தம்பி, முதலாவதில மௌத்து மணி அடிச்சா ஒருத்தருக்கும் வலை வளைக்க ஏலாதே. இதில நான் வளைச்சிட்டேன். மத்த ஆக்கள் கரையில நிக்க, மீனெல்லாம் எனக்கு. நல்ல லேசா இருக்கு."

"எத்தனை தரம் விளையாடினீங்கள்?"

"ரெண்டு தரம். பாதியில கஸ்டமர் வந்துட்டாங்க."

விளையாட்டின் பெயர் 'பாடு'. கரைவலைக்காரர் ஒரே கரையில் முறை வைத்து வலை வளைப்பார்கள். அந்த முறைதான் பாடு. காற்றைப் பார்த்து, கயிறு இழுக்க ஆள் சேர்த்து, தன் பாட்டில் வலையைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். விதிகளை எழுதியவள் என் மனைவி அகஸ்ரினா. படங்கள் அவளுடைய அண்ணன் ரொபின்சன். கணினி வேலை நான். கீரி என்ற கடற்கரை ஊரில் என் போட்டோக் கொப்பிக் கடைதான் எங்கள் மூவருக்கும் வேலை இடம்.

2012இல் முதல் பதிப்பு. முப்பத்தொரு விதிகள். எல்லோரும் பாராட்டினார்கள். பாதிப் பேர் பாதியில் விட்டார்கள். இரண்டாவதைக் கொழும்பில் ஒரு நிறுவனம் கேட்டது. பத்து விதிக்கு மேல் வேண்டாம், ஆனால் ஆழம் குறையக்கூடாது என்றார்கள். அகஸ்ரினா விதிகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தாள். மார்கழியில் காய்ச்சல் வந்தது. ஆறு நாள்.

சாவு விதியில் அவள் கை வைத்திருக்க மாட்டாள். மணி அடித்தால் எல்லோருடைய வலையும் நிற்கும் என்பது அந்த விதி. அது அவள் பிறந்த கீரியின் வழக்கம். சடலம் அடக்கமாகும் வரை யாரும் கடலில் இறங்குவதில்லை. அவள் இறந்த அன்றும் கீரியில் ஒரு வலையும் நனையவில்லை. அவளுடையது என்று எனக்கு மிஞ்சியிருந்தவற்றில் அந்த விதியும் ஒன்று. வெள்ளிக்கிழமை விளையாட்டை அனுப்ப வேண்டும். அந்த விதி இல்லாமல் அனுப்ப முடியாது.

விதிகளை அகஸ்ரினா ஒரு கோப்பில் தானே எழுதுவாள், விளையாட்டு அதைப் படித்து நடக்கும்; அந்த விதிக் கோப்பின் திகதியைப் பார்த்தேன். கடைசியாகச் சேமித்தது தை 14, ரொபின்சனின் கணினியில். அப்போது அவள் இறந்து ஒரு மாதம்.

ரொபின்சன் கொழும்பு ஆட்களோடு பேசும்போது வெளியே போய்விடுவான். நான் வந்தால் சுருக்கமாக முடிப்பான். முன்பு இதைக் கவனித்ததில்லை. இப்போது கவனித்தேன்.

"விதிக் கோப்பைத் திறந்தனியா?" என்று கேட்டேன்.

"ஓம். படங்களுக்குப் பேர் மாத்தத் திறந்தனான். ஏன்?"

"சும்மா."

அவன் தேநீரைக் குடித்து முடித்தான். மேலே எதுவும் கேட்கவில்லை. தப்புச் செய்யாதவன் கேட்டிருப்பான் என்று நினைத்தேன்.

அன்றே கோப்பின் கடவுச்சொல்லை மாற்றினேன். நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். ரொபின்சன் இறந்தவளின் விதியைக் கேட்காமல் நீக்கிவிட்டான், அவன் தரும் எதையும் ஏற்க வேண்டாம் என்று. அனுப்புவதற்கு முன் ஆதாரம் வேண்டும். வியாழக்கிழமை கடையில் யாரும் இல்லாத நேரத்தில் விளையாடத் தொடங்கினேன்.

மணி அடித்தது. வலையை வளைத்தேன். யாரும் தடுக்கவில்லை. மீன் நிறைய. குறித்துக்கொண்டேன். இரண்டாவது மணி. மறுபடியும் வளைத்தேன். குறித்துக்கொண்டேன்.

அடுத்த பாட்டில் கயிற்றுக்கு நாற்பது பேர் வர வேண்டும். முப்பத்திரண்டு பேர் வந்தார்கள். என் பிழையாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்ததில் பத்தொன்பது. வலை நடுக்கடலில் நின்றது. திரையில் எந்த அறிவிப்பும் இல்லை. கணினி ஆடிய மற்ற மூவரும் மணிக்கு நின்றவர்கள்; அவர்களுக்கு ஆள் நிறைய இருந்தது.

கோப்பை வரிவரியாகப் படித்தேன். ஒவ்வொரு விதிக்கும் கீழே அகஸ்ரினா திகதியோடு குறிப்பு எழுதுவாள். பத்தாவது விதிக்குக் கீழே இருந்தது.

'ஐப்பசி 22. தடுக்க வேண்டாம். போகிறவர் போகட்டும். கயிற்றுக்கு ஆள் குறையும். ஏன் என்று சொல்லக்கூடாது. பிறகு மணிக்கு நின்றால், மெல்ல மெல்லத் திரும்பி வருவார்கள்.'

ரொபின்சன் உள்ளே வந்தான்.

"திறக்கேலாமக் கிடக்கு. பாஸ்வேட் மாத்தினனியா?"

"ஓம்."

"ஏன்?"

திரையை அவன் பக்கம் திருப்பினேன். குறிப்பை வாசித்தான்.

"இது உனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியுமா?"

"சொன்னவள்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

கதிரையை இழுத்து இருந்தான். "அம்புறோஸ் அப்பு செத்தது எப்ப?"

ஊர்ப் பெரியவர்; இறந்தது ஐப்பசியில். அன்று நான் கடையைத் திறந்திருந்தேன். போட்டோக் கொப்பியும் தட்டச்சும்தானே, கடலா என்று நினைத்தேன். நான் கீரிக்காரன் இல்லை; எங்கள் ஊர் பெருநிலத்தில், வயல் பக்கம். வளர்ந்தது தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில். அங்கே யார் செத்தாலும் அரிசி வரிசை நின்றதில்லை. அதன் பிறகு ஒரு மாதம் கடைக்கு ஆள் வரவில்லை. தோட்டவெளியில் திறந்த புதுக் கடைதான் காரணம் என்று நினைத்தேன். அங்கே ஆட்களை அனுப்புவது ரொபின்சனோ என்றும் அகஸ்ரினாவிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"கடை திறந்தது பிழை எண்டு ஆரும் உன்னட்டச் சொன்னவையே?"

"இல்லை."

"சொல்லமாட்டினம். முப்பத்தொரு விதி எழுதியும் விளையாட்டில ஊர் வரேல்ல, இப்பதான் வந்திருக்கெண்டு சிரிச்சவள்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ அதையும் விளக்கி ஒரு பக்கம் எழுதிப்போடுவாய் எண்டவள்."

அது உண்மை. எழுதியிருப்பேன்.

ரொபின்சன் இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோப்புக்குப் பின்னால் கடிதம் திறந்து கிடந்தது. பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியில் அவன் பெயர் இருந்தது.

"வாசிக்கட்டே?"

கடிதத்தைத் திரையில் முன்னால் கொண்டுவந்தேன். வாசித்தான். இரண்டு முறை வாசித்தான் என்று நினைக்கிறேன். பிறகு கதிரையைப் பழைய இடத்தில் வைத்தான்.

"நாளைக்கு அனுப்பு, மச்சான். விளையாட்டு நல்லா இருக்கு."

கடிதத்தை அழித்தேன். வெள்ளிக்கிழமை விளையாட்டை அனுப்பினேன், பத்து விதிகளோடு.

திங்கட்கிழமை ரொபின்சன் வரவில்லை. போன் எடுத்தேன். "கொஞ்சம் வேலை, மச்சான்" என்றான். குரலில் கோபம் இல்லை. புதன்கிழமையும் கொஞ்சம் வேலை. அடுத்த கிழமை நான் போன் எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை கோயிலில் சாவு மணி அடித்தது. கொப்பி மெசினில் ஒருவருடைய காணி உறுதிப் பத்திரம் பாதி வந்திருந்தது. மன்னிக்கச் சொல்லித் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஆர் செத்தது?" என்று அவர் கேட்டார்.

தெரியாது என்றேன். கடையைப் பூட்டிக்கொண்டு கரைப்பக்கம் நடந்தேன்.