ஐம்பது நாட் பசுமை

கீழ்த்திசையிலே கடல் ஓயாது முழங்க, மேல்திசையிலே விளைந்த வயல்கள் கச்சான் காற்றுக்கு அலையலையாய்ச் சாய, இரண்டுக்கும் நடுவே வீடுதோறும் தறியொலி எழுகின்ற மருதமுனையில், ஞாயிறு தென்னையுச்சிகளைப் பொன்னாக்கிச் சரிந்த எற்பாட்டு வேளையிலே, நெசவாளன் நிப்றாஸ் கிணற்றடி நிழலில் ஒரு குறுமரத்தின் முன்னே மனைவியின் வரவை எண்ணி அஞ்சி நின்றான்.

நுவரெலியாவிலிருந்து அவன் மனைவி ஸுஹைறா கொணர்ந்த ஜூனிப்பர் அது. மலைக்குளிருக்குரிய ஊசியிலை மரம். சாணுயரச் செடியாய் வந்ததை ஆழமற்ற மண்தட்டில் இருத்தி, வேரை அளந்து நறுக்கி, செம்புக்கம்பி சுற்றி, ஆண்டுக்கு ஒரு விரலளவே வளைத்து, நெடுங்காலம் புயல் கண்ட முதுமரம்போல் ஆக்க அவள் ஐந்தாண்டு உழைத்திருந்தாள். உப்புக்காற்றுக்குத் தென்னோலைக் கிடுகு மறைப்பும் வெயிலுக்கு ஈரச்சாக்கும் கட்டிப் பேணியவள், தாதியர் பயிற்சிக்குக் கொழும்பு சென்றபோது, "தண்ணி மட்டும் ஊத்துங்க. கம்பியில கை வெச்சிராதீங்க" என்று சொல்லியே சென்றாள்.

அவள் மீளும்போது வியக்கட்டுமென்று எண்ணிய நிப்றாஸ், அறுந்த இழையையும் முடிச்சுத் தெரியாமல் பிணைக்கவல்ல தன் விரல்களை நம்பிக் கீழ்க்கிளையைச் சற்றே வளைத்தான். சட்டென்றோர் ஒலி, பட்டை பிளந்து வெண்மரம் தெரிந்தது. பதறிப்போய் நூலால் இறுகக் கட்டினான். மரம் விற்ற மலைநாட்டானிடம் கைப்பேசியில் உசாவியபோது கிடைத்த விடை அவன் உறக்கத்தையே பறித்தது: பிளவு அடிமரத்துள் இறங்கியிருந்தால் முழுமரமும் போய்விடும், ஆயினும் இவ்வகை மரம் இறந்த பின்னும் பல கிழமை பச்சையாகவே நிற்கும்.

நாள்தோறும் கொழும்பிலிருந்து அழைத்து ஸுஹைறா கேட்டாள்: "மரம் எப்படி இரிக்கி?"

"ஓம் புள்ள, பச்சையாத்தான் இரிக்கி."

பொய்யுமன்று, மெய்யுமன்று அவ்விடை. விடியுமுன் எழுந்து இலையைத் தடவுவான். தறியில் அமர்ந்தால் இழை தப்பும். உண்ண அமர்ந்தால் சோறு ஆறும். இவ்வாறு ஐம்பது நாள் கழிந்தன.

அவன் கிணற்றடியில் காத்து நின்ற அவ்வேளையிலே முச்சக்கர வண்டி வாயிலில் வந்து நின்றது. அவள் பையை இறக்குமுன்பே அவன் சொன்னான்: "கிளைய முறிச்சிட்டன். அம்பது நாளாச்சு. ஒனக்குச் சொல்லப் பயந்துட்டன்."

ஸுஹைறா கிணற்றடிக்கு நடந்து குனிந்து, முறிந்த கிளையை நகத்தால் கீறினாள். உள்ளே வறண்ட பழுப்பு. அடிமரத்தைக் கீறியபோது நிப்றாஸ் கண்களை மூடிக்கொண்டான்.

"இஞ்ச பாருங்க."

பட்டையின்கீழே ஈரப்பச்சை மின்னியது.

"கிளை போயிட்டு. மரம் இரிக்கி" என்றாள். "முறிச்சதுக்குக் கோவமில்ல. பச்சை பச்சை எண்டு சொன்னீங்களே, அதுக்குத்தான்."

அவன் தலைகுனிந்தான். பின் அவள், "கத்திய எடுங்க. பட்டைய உரிச்சிருவம்" என்றாள். அவன் மண்தட்டை இறுகப் பற்றிக்கொள்ள, அவள் பட்ட கிளையை வெட்டியெறியாமல், பட்டையை மட்டும் மெல்ல மெல்ல உரித்து வெண்மரத்தை வெளிப்படுத்தினாள். அது நன்கு வெளுத்து மரத்தோடு பொருந்த இன்னும் ஆண்டு சில செல்லும் என்றாள்.

பட்டதைப் பசுமையால் மறைப்பது எளிது. பட்டதென்று காட்டி அதனோடு வாழ்வதற்கே காலமும் பொறையும் வேண்டும். மரத்திற்கு அவை ஐயமின்றிக் கிடைத்தன. மனையாளின் நெஞ்சத்திற்கு எத்துணை ஆண்டு வேண்டுமென்று நிப்றாஸ் வினவவில்லை; வினவுதற்கு அஞ்சினான்.