மெழுகு குடித்த ஸ்டட்

தேவஆசீர்வாதத்துக்குத் தன் புத்தியின் மேல் அபார நம்பிக்கை. அதுதான் அவரைக் கெடுத்தது.

கோவில்பட்டிப் பருத்தி வியாபாரி நந்தகோபாலின் அம்பாசடர் காரை ஆறு வருஷமாக அவர்தான் ஓட்டுகிறார். இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் இடுக்கு விட்டுச் சத்தம் வந்தபோது, மெக்கானிக்கிடம் போகாமல் கரிசல் மண்ணைப் பிசைந்து அப்பினார். கூரை ஒழுகினால் அதைத்தானே அப்புகிறோம் என்று நினைப்பு. சூட்டில் மண் வெடித்து உதிரும். மனுஷர் சளைக்காமல் மறுபடி அப்புவார். மழைக்காலம் முழுக்க அந்த மண் ஈரத்தைப் பிடித்துவைத்தது. குழாயைத் தாங்கும் ஸ்டட், அதாவது மரை போட்ட ஆணி, துருவேறி இன்ஜினோடு ஒட்டிப்போனது. கடைசியில் ஒருநாள் இறுக்கலாமென்று ஸ்பேனர் போட்டார். படக்கென்று ஒடிந்தது.

மறுநாள் காலை முதலாளி தூத்துக்குடி ரயிலில் மணியாச்சி வந்து இறங்கி, வழியில் பருத்தி பார்த்துக்கொண்டே காரில் ஊர் திரும்புவார். ஒரு கீறலுக்காக முந்தைய டிரைவரை அனுப்பியவர் அவர். சாவியைப் பிடுங்கிவிட்டால் ஐம்பத்திரண்டு வயதில் யார் வண்டி கொடுப்பார்கள்?

எட்டயபுரம் ரோட்டில் மெக்கானிக் பட்டறை வைத்திருந்த வேல்சாமி மண்ணைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, இதில் பருத்தி போட்டிருந்தால் இந்நேரம் காய் வெடித்திருக்கும் என்றார். தேவஆசீர்வாதத்துக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார்கள். மிச்சமிருந்த துண்டின் தலையில் நட்டை வைத்து வெல்டிங் அடித்துத் திருகினார்கள். நட்டுதான் பிய்ந்து வந்தது. இனி டிரில் போட்டுக் குடைய வேண்டும். கொஞ்சம் விலகினாலும் இன்ஜின் ஹெட்டே போய்விடும்.

அப்போது மதியச் சோறோடு வந்தாள் வேல்சாமியின் மனைவி சுந்தரம்மாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி முக்குகிறவள். சங்கதியைக் கேட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"நாங்க குச்சியச் சூடு பண்ணிட்டுத்தான் மெழுகுல முக்குவோம். ஆறுன குச்சி குடிக்காது. நீங்க ஆறுன இரும்புல ஊத்துதீங்க, அது எப்படிக் குடிக்கும்?"

வேல்சாமி டிரில்லைத் தள்ளி வைத்துவிட்டு, புது நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். இரும்பின் சிவப்பு அடங்கியதும், கரண்டு போனால் ஏற்றும் மெழுகுவர்த்தியை அவளே எடுத்து ஸ்டட்டின் அடியில் வைத்தாள். புகைந்தது. உருகிய மெழுகு மரைக்குள் இறங்கிக் காணாமல்போனது. வேல்சாமி ஸ்பேனரை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தார். கிறீச்சென்றது. மயிரளவு திரும்பியது. அப்புறம் முழுசாகக் கழன்று வந்துவிட்டது. புது ஸ்டட் போட்டுக் குழாயை இடுக்கில்லாமல் இறுக்கினார்கள்.

தேவஆசீர்வாதம் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளோ சோறு ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றாள். மண் விஷயம் வெளியே போகாது, பழைய ஸ்டட் தானாக ஒடிந்தது என்று முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் என்றார் வேல்சாமி.

மணியாச்சியில் ஏறிய முதலாளி ஒரு மைல் போனதுமே கேட்டார். "சத்தமே இல்லையே. என்ன செஞ்சீரு?"

பொய் நாக்கின் நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் சுந்தரம்மாள் செய்தது யாருக்கும் தெரியாமல் போகும். அது அவருக்குப் பொறுக்கவில்லை.

"மண்ண அப்பிக் கெடுத்தது நாந்தான், மொதலாளி. காப்பாத்துனது வேல்சாமி வீட்டம்மா. அவிய இல்லன்னா இன்னைக்கு வண்டி இல்ல."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். முதலாளி வழியில் பருத்தி பார்க்கக்கூட நிறுத்தச் சொல்லவில்லை. ஊர் எல்லை வந்தது.

"நேரா அந்தப் பட்டறைக்கு விடும். அந்தம்மாவப் பாத்து நானும் ஒரு வார்த்தை சொல்லணும்." சற்றுப் பொறுத்து, "நாளைக்கு விளாத்திகுளம் போகணும். ஆறு மணிக்கெல்லாம் வந்திரும்" என்றார்.

சரி மொதலாளி என்றார் தேவஆசீர்வாதம். ரோடு கலங்கித் தெரிந்ததால், வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மேலே ஓட்ட முடிந்தது.