நன்றி சொல்லாதவளின் படித்துறை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகத் தொடங்கவில்லை. ‘விதன்ஹாம்: வரலாறும் சிறப்பிடங்களும்’ என்று எட்டுப் பக்கக் கையேடு கேட்டது ஊர்ச்சபை. முப்பது வருடமாக இங்கே தபால் கடை நடத்துகிறேன். எந்தச் சரக்கையும் தள்ளிவிடுவான் என்று என்னைப் பிடித்தார்கள்.

முதல் தொடக்கம்: “தேம்ஸ் நதி தவழ்ந்து...” (அடித்துவிட்டேன். பிப்ரவரியில் அது வெள்ளமாக என் கடைக்குள் வந்து நிற்கும்.)

இரண்டாவது: “நார்மன் காலத் தேவாலயக் கோபுரமும்...” (பக்கத்து ஊரிலும் உண்டு. விலை போகாது.)

2

எங்களிடம் மட்டும் இருப்பது, பழைய ஆலைத் தோட்டத்தின் ஓரம் ஆற்றுக்கு இறங்கும் பதினோரு கற்படிகள். படகுக்காரி வினிஃப்ரெட் போக்காக் அங்கேதான் ஆள் ஏற்றுவாள். ஆலையைப் புதிதாக வாங்கிய ஃபேன்ஷா, படிக்குமேல் கதவு போட்டுப் பூட்டினார்.

சட்டம் இதுதான்: இருபது வருடம், வெளிப்படையாக, யாரும் தடுக்காமல், அனுமதியும் கேட்காமல் மக்கள் நடந்திருந்தால் வழி ஊருக்குச் சொந்தம்.

அனுமதி கேட்காமல்! எங்கள் ஆட்கள் தூணில் இடித்துக்கொண்டால் தூணிடம் மன்னிப்புக் கேட்பவர்கள். வருடந்தோறும் பாதிரியார், “படியில் நடக்க அனுமதித்ததற்கு நன்றி” என்று பழைய ஆலைக்காரருக்கு வாழ்த்தட்டை அனுப்பியிருந்தார். ஊரின் புகாரை விசாரிக்க அரசு அதிகாரி வந்தபோது, ஆலையோடு கைக்கு வந்த அட்டைகள் அத்தனையையும் ஃபேன்ஷா மேசையில் பரப்பினார்.

(இங்கேயே ஊர் தோற்பதாக ஒரு வரைவு இருந்தது. சோகத்துக்கு நல்ல கிராக்கி. ஆனால் நடந்தது வேறு.)

3

வினிஃப்ரெட்டை எழுதும்போது எனக்கே சந்தேகம்: இவ்வளவு வீம்பு நம்பும்படி இருக்குமா? நீங்களே கேளுங்கள்.

“பழைய ஆலைக்காரர்கிட்ட அனுமதி கேட்டீங்களாம்மா?” என்றார் அதிகாரி.

“அந்தாளுகிட்டயா? கண்காட்சியில என் பூசணிக்கு ரெண்டாம் பரிசு குடுத்தாரே, அன்னியோட பேச்சு நின்னுபோச்சு. இருபத்திரெண்டு வருஷம்!”

“அவர் தடுக்கலையா?”

“தடுக்கணும்னா வாயத் தொறக்கணுமே! தெனமும் ஜன்னல்ல நின்னு பாப்பாரு. நான் பாட்டுக்கு ஆள ஏத்திட்டுப் போவேன்.”

பாதிரியார் பதறினார். “ஒரு தடவகூட நன்றி சொல்லலையா, வினி?”

“அதான் எனக்கும் சேத்து நீங்க சொல்லித் தொலைச்சிருக்கீங்களே!”

அதிகாரி அட்டைகளைப் புரட்டினார். “இதுல பாதிரியார் கையெழுத்து மட்டுந்தான் இருக்கு. படகுல போனவங்களுக்கு இது பொருந்தாது. அவங்க யார்கிட்டயும் அனுமதி கேக்கல; வழி ஊருக்குத்தான்.”

4

கதவு கழன்றது. தேவாலய மணி முழங்க, ஊரே பதினோரு படியும் இறங்கியது; வயதானவர்கள் இரண்டு முறை.

கடைசியாக ஃபேன்ஷா, தொப்பியைக் கையில் பிடித்தபடி: “நானும் படகுல ஏறிக்கலாமா, மிஸ் போக்காக்?”

வினிஃப்ரெட்டின் பதிலை மூன்று விதமாக எழுதி மூன்றையும் கிழித்தேன். நான்காவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: என்னிடம் அனுமதி கேட்கக் கூடாது.